தானத்து அரிசி

அப்பா இறந்து ஒரு வருடம் நெருங்கியபோது, தவசத்துக்குச் சாமான் வாங்க நானும் அண்ணியும் ஸ்ரீரங்கத்தில் ஒரு மளிகைக் கடைக்குப் போனோம். அண்ணனும் அண்ணியும் அங்கேயே ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். நான் காட்டூரிலிருந்து அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். பச்சரிசி வேண்டும் என்று அண்ணி சொன்னதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"வீட்டுக்காங்க, தானத்துக்காங்க?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. அண்ணிக்கு விளங்கியது.

"தானத்துக்குத்தாங்க. இருபத்தஞ்சு கிலோ சிப்பம் ஒண்ணு."

அவர் எங்கள் முன்னால் அடுக்கியிருந்த மூட்டைகளைத் தொடவே இல்லை. கடைக்குப் பின்னால் போய், சுவரோரம் கிடந்த ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். வாயைப் பிரித்ததும் முதலில் நாற்றம் வந்தது. மழையில் நனைந்து நிழலில் காய்ந்த சாக்கின் நாற்றம். கையை விட்டு அள்ளினேன். அரிசி உதிரவில்லை. நூல் நூலாகப் பூச்சி கட்டியிருந்ததில் கொத்தாக வந்தது. என் விரல் இடுக்கில் ஒரு வண்டு ஏறி, மணிக்கட்டு வரை போனது. அரிசிக்கு நடுவில் கறுப்பாக நீளமாக இரண்டு மூன்று கிடந்தன. சீரகம் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். எலிப்புழுக்கை.

"என்னங்க இது?" என்றேன்.

"தானத்துக்கு இதாங்க போவுது" என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். "அமாவாசைன்னா பத்து சிப்பம் போயிரும். எல்லாருமே இதான் வாங்குறாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. "வெலைய இன்னும் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க. பருப்பும் இதே மாதிரி குடுங்க. நெய்யி?" என்று கேட்டாள். அவர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் 'விளக்கேற்ற மட்டும்' என்று அச்சடித்திருந்தது. அண்ணி அதைப் படித்தாள். படித்துவிட்டுப் பையில் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு ஈரத்தாளை எடுத்து, அரிசி மூட்டையைத் தொட்ட விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணி எப்படிப்பட்டவள் என்று இங்கே சொல்லியாக வேண்டும். அவள் வீட்டு மளிகைச் செலவில் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஓடும். நான் மன்னார்புரத்தில் ஒரு ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள். மாதத்துக்கு ஒரு தடவை காந்தி மார்க்கெட்டுக்குப் போய்ப் பருப்பும் மிளகாயும் புளியும் வாங்கி வருவேன். நடுவில் தீர்ந்துபோனால் தெருமுனைக் கடை. அண்ணி அப்படி இல்லை. எண்ணெய் செக்கில் ஆட்டியதாக இருக்க வேண்டும், அதுவும் அவள் கண்முன்னால். பழமெல்லாம் போனில் ஆர்டர் போட்டு வீட்டு வாசலுக்கு வரும். அதில் ஒன்று லேசாக அமுங்கியிருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்பிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடுவாள். அரிசி, தூயமல்லி என்கிற பழைய ரகம். மருந்து தெளிக்காமல் விளைகிறதென்று யாரிடமோ சொல்லி வைத்து வரவழைக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்த்து, "இதையெல்லாமா பிள்ளைங்களுக்குக் குடுக்குற? வயித்துக்குள்ள போறதும்மா" என்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் வைத்தே கேட்டேன். "அண்ணி, இத எப்படி அண்ணி ஒருத்தர் கையில குடுக்கறது? அப்பா பேரச் சொல்லிக் குடுக்கப் போறோம்."

"நீ சும்மா இரும்மா. அவங்க என்ன இத ஆக்கித் திங்கவா போறாங்க? மூட்டையா கட்டி வித்துருவாங்க."

"யார்கிட்ட விப்பாங்க?"

பதில் சொன்னது கடைக்காரர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்ககிட்டதாங்க வரும். வேற எங்க போவும்?"

அவர் ஏதோ வேடிக்கை சொன்னதுபோல அண்ணியும் சிரித்தாள். நான் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒருவருடைய அப்பா பேரில், வேறு ஒருவருடைய அம்மா பேரில் ஆற்றங்கரைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய் வந்த அரிசி. யாரும் உலையில் போடவே போவதில்லை என்று விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். கடைக்கு வெளியே வந்து ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. நான்தான் ஆரம்பித்தேன். அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஊரில் எல்லாரும் செய்வதுதான் இது என்றான்.

"எல்லாரும் செஞ்சா? கடையில ரெண்டு அரிசியக் கடிச்சுப் பாக்காம அப்பா என்னிக்காவது வாங்கினாராண்ணா? அவருக்கா இத?"

"அவருக்கா குடுக்கறோம்? ஐயருக்குத்தான குடுக்கறோம்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். அண்ணி சமையலறையிலிருந்து, "அவ்வளவு அக்கறை இருக்கறவங்க அவங்களே நல்ல அரிசியா கொண்டு வரட்டும், யார் வேணாங்கறா?" என்றாள்.

"கொண்டு வரேன்" என்றேன்.

காட்டூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது என் உள்ளங்கையில் அந்த நாற்றம் அப்படியே இருந்தது. வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. மறுநாள் எங்கள் தெருமுனைக் கடையில் நல்ல பொன்னிப் பச்சரிசி ஒரு சிப்பம் வாங்கினேன். துவரம்பருப்பும் சமையல் நெய்யும் தனியாக வாங்கினேன். அந்த மாதம் எங்களுக்கு அது பெரிய செலவுதான். என் கணவர் மூட்டையைத் தானே வண்டியில் வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

தவசத்தன்று விடியும்போதே காவிரிப் படித்துறையில் நல்ல கூட்டம். ஐந்தாறு ஐயர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவர் வயதானவர். கண்ணாடியின் ஒரு பக்கக் காதில் நூல் கட்டியிருந்தார். அண்ணன் ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டான். நான் வீட்டிலேயே அரிசியை மஞ்சள் பைகளில் பிரித்துப் போட்டு எடுத்து வந்திருந்தேன். மந்திரம் முடிந்ததும் அண்ணன் முதல் பையைத் தூக்கி அவர் முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டான்.

அவர் பையை எடுத்தார். உள்ளே பார்க்கவில்லை. தனக்குப் பின்னால் வாய் பிரிந்து நின்ற ஒரு சாக்கில் அப்படியே கவிழ்த்தார். வெள்ளை வெளேரென்று என் அரிசி விழுந்தது. அதற்குக் கீழே, அதுவரைக்கும் அன்று காலை வந்த அரிசி. அதன் நிறம் எனக்குத் தெரிந்த நிறம். சாக்கின் விளிம்பில் வண்டுகள் ஓடின.

"ஐயா, ஐயா" என்று பதறிவிட்டேன். "அது நல்ல அரிசிங்க. வீட்டுக்குப் பொங்க எடுத்துக்குங்கன்னு கொண்டு வந்தேன்."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"எல்லாரும் நல்ல அரிசின்னுதாம்மா சொல்றா."

"இல்லைங்க, நீங்களே பாருங்க."

குனிந்து சாக்குக்குள் பார்த்தார். மேலாக ஒரு பிடி அள்ளி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனார். பிறகு அதைச் சாக்கிலேயே விட்டுவிட்டார்.

"கலந்துடுத்தேம்மா. இனிமே எங்க பிரிக்கறது?"

மீதிப் பைகளையாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி அவற்றைப் பக்கத்தில் இருந்த மற்ற ஐயர்களிடம் அண்ணன் கையால் ஒவ்வொன்றாகக் கொடுக்க வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் எல்லாச் சாக்குகளிலும் விழுந்தன. அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். காலி மஞ்சள் பையை அவர் மடித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பையின் அடியில் என் அரிசி நாலைந்து ஒட்டியிருந்தது.

மத்தியானம் ஃபிளாட்டில் இலை போட்டார்கள். தூயமல்லிச் சோறு, செக்கெண்ணெய்யில் பொரித்த வாழைக்காய், நெய் மணக்கிற பாயசம். முசிறியிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் அரிசியைப் பற்றி விசாரித்தார்கள். அண்ணி ஒவ்வொரு இலைக்கும் போய் விளக்கம் சொன்னாள். அப்படியே, "மாமா பேர்ல ஒரு சிப்பம் பொன்னி தானம் குடுத்தோம். மத்தவங்க மாதிரி நம்மால செய்ய முடியாதுல்ல? மனசு கேக்காது" என்றும் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று தெரிந்துதான் பார்த்தாள். தவச வீட்டில், அப்பா படத்துக்கு முன்னால், என்ன சண்டை போடுவது? இலையை மடித்துவிட்டு எழுந்தேன். பாயசத்தைத் தொடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் எனக்கு இத்தனை அருவருப்பு மிஞ்சியிருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் பென்ஷன் காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போட அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கையில் சல்லடையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். கடையில் வாங்கிய அந்தத் தானத்து மூட்டை பால்கனியில்தான் இருந்திருக்கிறது. அதிலிருந்த வண்டு வெள்ளை டைல்ஸ் மேல் ஊர்ந்து, சமையலறைக்குள் புகுந்து, அவள் கண்ணாடி ஜாடிகளின் மூடி இடுக்கு வழியாகத் தூயமல்லி வரைக்கும் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுவரெல்லாம் அவை ஏறிக்கொண்டிருந்ததைப் பார்க்கக் கூசியது.

பாத்திரம் கழுவ வருகிற பெண் அப்போதுதான் உள்ளே வந்தாள். அண்ணி எழுந்து போய் அந்த மூட்டையைக் காட்டினாள்.

"இந்தா, இத நீ எடுத்துக்க. பச்சரிசிதான், மாவு அரைக்க ஆகும். காசெல்லாம் வேணாம்."

அந்தப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மூட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். வாயை மறுபடி சுருட்டி மூடினாள்.

"வேணாங்கக்கா. எங்களுக்கு ரேஷன்ல போடறாங்க. அது நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். போய்க் குழாயைத் திறந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு அண்ணி கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பொரிந்தாள். "திமிரப் பாத்தியா? சும்மா குடுத்தா வாங்கிக்க முடியல. இவளுக்கு நான் போன தீபாவளிக்குப் புடவை எடுத்துக் குடுத்தேன்."

அது எப்படிப்பட்ட புடவையாக இருக்கும் என்று யோசித்தேன். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். காபி கலந்து வைத்திருந்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். குரலில் அத்தனை உற்சாகம். "அந்த மூட்டை இருந்துச்சுல்ல? கடைக்கே குடுத்துட்டோம். கொஞ்சம் கொறைச்சுத்தான் எடுத்துக்கிட்டாரு. ஆனாலும் பரவால்ல, வீணாப் போகல பாரு." ஏதோ சாமர்த்தியம் செய்ததுபோலச் சொன்னாள். நான் ஆபீஸில் இருந்தேன். சரி அண்ணி, வேலை இருக்கிறது என்று போனை வைத்தேன். மேஜையில் திறந்து வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை மூடி, அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் மட்டும் காட்டூருக்கு வந்தான். முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றான். சாப்பிடு என்றேன். தட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிசைந்தான்.

"அந்த மூட்டைய நான்தான் கார்ல ஏத்திக் கடைக்குக் கொண்டு போனேன்" என்றான். "உள்ள போய் எறக்கினப்போ அங்க ஒரு குடும்பம் நின்னுச்சு. மொட்டை போட்ட பையன் ஒருத்தன். அவங்க அப்பாவுக்குப் போல இருக்கு. கடைக்காரர் என் கையில இருந்து வாங்கி, அப்படியே அவங்களுக்குத் தராசுல வெச்சாரு."

"நீ ஒண்ணும் சொல்லலையாண்ணா?"

"என்னத்தச் சொல்றது? காச வாங்கிட்டு வந்துட்டேன்."

பிறகு, இதை என் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். போட்டேன். ரசம் நன்றாக இருக்கிறதென்று இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தான். நான் அவன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அன்று அவன் வாயில் கவளம் போவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த தவசத்தைத் தனியாகச் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆற்றங்கரைக்குப் போகப் போவதில்லை. தெரிந்தவர்கள் நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, நாங்கள் சாப்பிடுவதையே போடலாம் என்று என் கணவர் சொல்கிறார். அண்ணி அதைக் கேட்டு, செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சொல்லட்டும். அவள் வீட்டில் கை நனைக்க எனக்கு இனி முடியாது.