கூரை வேண்டாத மாடனும் கூரைக்குள் வராத இசக்கிப்பாண்டியும்

இசக்கிப்பாண்டி அண்ணாச்சியைப் பற்றி யார் கேட்டாலும் நான் அவருடைய கட்டிலில் இருந்துதான் தொடங்குவேன். அந்தக் கட்டில் தெருவில் கிடந்தது. வீடு வாசல் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல ஓட்டு வீடு, அதில் வள்ளித்தாய் என்று ஒரு மனைவி, லீவுக்கு ஒன்றாகப் பிறந்த இரண்டு பிள்ளைகள். எல்லாம் இருந்தும் மனிதர் வெளியே கிடந்தார். எதிர் வீட்டுக்காரி நான். காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் சூரியனுக்கு முன்னால் அவருடைய இரண்டு பாதங்களைத்தான் பார்ப்பேன். "உலகம்மை, இன்னைக்கு யாரு மொகத்துல முழிச்ச?" என்று கேட்பவர்களிடம், முகம் எங்கே கிடைக்கிறது, கால்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற வழியில் சிற்றாற்றை ஒட்டி இருக்கிறது. ஊருக்கு மேற்கே வயற்காட்டு ஓரத்தில் சுடலைமாடன் நிற்கிறார். அவருக்குக் கருவறை கிடையாது, கதவு கிடையாது, சிலையும் கிடையாது. செங்கலும் களிமண்ணும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய பூடம்தான் சாமி. அடி சதுரமாக அகன்று, மேலே போகப் போகக் குறுகி, ஆள் உயரம் தாண்டி, உச்சியில் கொழுக்கட்டை வைத்தது போல ஒரு முடிச்சோடு முடியும். பக்கத்தில் குட்டையாகப் பேச்சியம்மன் பூடம், இன்னும் குட்டையாக முண்டன் பூடம். தலைக்கு மேல் வானம்தான். ஆனி பிறந்து சாரல் பிடித்தால் சுண்ணாம்பெல்லாம் கரைந்து, மாடன் அம்மை போட்டு எழுந்தவர் போல ஆகிவிடுவார். ஆடி மாதக் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் மண் அப்பி, வெள்ளையடித்து, காவிப் பட்டை தீட்டி மறுபடி ஆளாக்குவோம். வருஷா வருஷம் இதே பாடு.

அண்ணாச்சி பட்டாளத்தில் ஹவில்தார். சண்டை நடந்தபோது பர்மா எல்லையில் ஒரு பதுங்குகுழிக்குள் இடுப்பளவு மழைத் தண்ணீரில் நின்றிருக்கிறார். தலைக்கு மேலே குண்டு போகிறது. அப்போது ஊர்ச் சாமி ஞாபகம் வந்திருக்கிறது.

"மாடா, நீ அங்கன நனையுத, நான் இங்கன நனையுதேன். என்னைய உசுரோட ஊர்ல கொண்டு சேத்திரு. ஒனக்குக் கூரை போட்டுத் தாரேன். போடுத வரைக்கும் நானும் என் வீட்டுக் கூரைக்குள்ள படுக்க மாட்டேன்."

முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாம். குண்டு விழுகிற இடத்தில் நிதானமாக வார்த்தையை அளந்து பேச முடியுமா என்று அவருக்காகப் பரிந்தும் பேசியிருக்கிறேன். ஆனால் பட்டாளத்துக்காரருக்கு வாய்விட்டுச் சொன்னது எல்லாமே ஆர்டர்.

சண்டை முடிந்து கல்யாணம் ஆயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்தார், வீட்டுக்குள்தான் படுத்தார். லீவில் வருவது வந்ததாகாது, பென்சனில் வருவதுதான் ஊர் வந்து சேர்வது என்பது அவர் சட்டம். வள்ளித்தாய்க்கு இந்தச் சட்டம் தெரியாது. பென்சன் வந்தால் புருஷன் வந்துவிடுவார் என்று மட்டும் தெரியும். ஐம்பத்து நாலில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். அவள் கறிக்குழம்பு வைத்து, புதுப் பாய் வாங்கி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். மனிதர் திருப்தியாகச் சாப்பிட்டு, கை கழுவி, கட்டிலைத் தூக்கித் தெருவில் போட்டார். பூவும் தலையுமாக அவள் நிலைப்படியில் நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

"ஒரு மாசம் பொறு, ஏட்டி. கூரைய போட்டுட்டு உள்ள வந்திருதேன்" என்றார்.

செங்கோட்டையில் இருந்து தேக்குத் தூண்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. மேலே ஓடு, நாலு பக்கமும் சரிவு, முகப்பில் பூவேலை என்று பெரிய திட்டம். "குத்தாலத்துச் சித்திர சபையில சுவத்துல எழுதி வச்ச சாமிக்கே செப்புத் தகட்டுல கூரை. நம்ம மாடன் மட்டும் என்ன பாவம் செஞ்சான்?" என்று பார்த்தவரிடமெல்லாம் கேட்டார்.

பூசாரி பால்வண்ணநாதன் மட்டும் தலையைச் சொறிந்தார். "தென்காசிக் கோபுரம் இடி விழுந்து பொளந்து நிக்கதத் தெனமும் பாக்கோம். எதுக்கும் மாடன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம் வே" என்றார்.

மாடனிடம் கேட்பதென்றால் கொடையில் சாமி வந்து ஆடுகிறவரிடம் கேட்பது. அவரைக் கோமரத்தாடி என்போம். அதுவரை அண்ணாச்சியின் அப்பாதான் கோமரத்தாடி. அவர் அந்தத் தை மாதம்தான் காலமாகியிருந்தார். அடுத்து மாடன் யார் மேல் வரப்போகிறார் என்று ஊரே காத்திருந்தது. கொடையன்று உச்சிப் பொழுதில் மேளம் ஏறியது. கூட்டத்துக்கு நடுவே ஒருவர் உடம்பு உதறியது. பார்த்தால் நம் இசக்கிப்பாண்டி.

மாடனுடைய ஈட்டியான வல்லயத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆடியவர் முன்னால் பூசாரி கைகட்டி நின்றார். "மாடா, ஒன் பிள்ளை ஒருத்தன் ஒனக்குக் கூரை போடணும்னு நேந்திருக்கான். சம்மதமா?"

"யாருலே அவன்? வானத்தப் பாத்து நிக்கவன டப்பாக்குள்ள போட்டு அடைக்கப் பாக்கியளா? என் தலையில ஓடு ஏறுனா ஊர்ல ஒருத்தன் வீட்டுல ஓடு தங்காது!"

மேளம் நின்றுவிட்டது. சாமி மலையேறி, அண்ணாச்சி மயங்கி விழுந்து, முகத்தில் தண்ணீர் பட்டதும் எழுந்து உட்கார்ந்தார். ஆடியவருக்குத் தான் பேசியது எதுவும் தெரியாது. "என்ன, உத்தரவு ஆயிட்டா?" என்றார் ஆசையாக.

பூசாரிதான் மென்று விழுங்கினார். "வேண்டாமாம்."

"எந்தப் பய சொன்னான்?"

"நீருதாம் வே."

அண்ணாச்சி விடுகிறவரா? மறு வருஷம் தம்பி முறையான சுந்தரபாண்டியனைப் பிடித்து ஆடுவதற்கு நிறுத்தினார். அவன் போலீஸ்காரன், வாட்டசாட்டமான ஆள், மாடனுக்குப் பிடித்துப்போகும் என்று கணக்கு. இவர் தள்ளிப் போய் வடை சுடுகிற இடத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றார். சுந்தரபாண்டியன் சலங்கை வைத்த அரைக்கால் சல்லடம் கட்டி, இன்ஸ்பெக்டருக்கு முன் நிற்பவனைப் போல விறைப்பாக நின்றான். மயிர்க்கால்கூட அசையவில்லை. மாடன் அவனைத் தாண்டி நேரே வடைச் சட்டிப் பக்கம் போய்ப் பஞ்சு வைத்த ஆளைப் பிடித்துக்கொண்டார். அதே பதில்தான், கூடவே இரண்டு வசவு. அதற்கடுத்த வருஷம் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம் என்று பேச்சு. செவ்வரளி வந்தது.

தேக்குத் தூண்கள் தொழுவத்தில் கிடந்தன. வள்ளித்தாய் அவற்றின் மேல் வரட்டி அடுக்கினாள்.

சாரல் காலத்தில் எங்கெங்கோ இருந்து ஜனங்கள் ரயிலேறிக் குற்றாலத்துக்கு வந்து, லாட்ஜில் ரூம் போட்டு, எண்ணெய் தேய்த்து நனைந்துவிட்டுப் போவார்கள். எங்கள் அண்ணாச்சி செலவில்லாமல் தெருவிலேயே நனைந்தார். கட்டில் காலில் மூங்கில் கட்டி, மூங்கிலில் குடையைக் கட்டி, பட்டாளத்து ரப்பர் சீட்டைப் போர்த்திக் கொள்வார். காற்றடித்தால் குடை என் வீட்டு முருங்கையில் போய் உட்காரும். "குடையும் கூரைதான அண்ணாச்சி?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன். "அது வீட்டுக் கூரை இல்ல" என்றார். அதற்கும் சட்டம் வைத்திருக்கிறார்.

சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஐம்பத்து ஏழு ஆனியில் சிரிப்பு நின்றது. அவருக்குச் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. இருமினால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். தென்காசி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு வள்ளித்தாயைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படி நனைஞ்சா ஆள் தாங்காது. உள்ள படுக்க வைங்க" என்றார். காய்ச்சல் இறங்கியதும் மனிதர் எழுந்து போய்ப் பழையபடி தெருக் கட்டிலில் படுத்தார். வள்ளித்தாய் கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒருநாள் சோறு போடவில்லை. எதற்கும் அசையவில்லை. அவள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் பயந்து போயிருந்தாள்.

அந்த ஆடிக் கொடைக்கும் தூறல் விடவில்லை. வெள்ளையடித்த பூடத்தில் காவிப் பட்டை ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மேல் மாடன் வந்தார். அந்த இருமல் நெஞ்சில் அப்படியொரு குரல் எங்கிருந்துதான் வந்ததோ. பெண்கள் வரிசையில் நின்று திருநீறு வாங்கினார்கள். வள்ளித்தாய் முறை வந்தது. அவள் கையை நீட்டவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

புருஷனிடம் பேசுவதென்றால் சுவரைப் பார்த்து "இங்கேருங்க" என்கிறவள் அவள். பெயரைச் சொன்னதில்லை, ஒருமையில் பேசியதில்லை. ஆனால் இங்கே நிற்பது புருஷன் இல்லையே, மாடன். மாடனை நாங்கள் எல்லோரும் நீ என்றுதான் சொல்கிறோம்.

"மாடா, ஒனக்குக் கூரை வேண்டாம். சரி. வேண்டாத கூரைக்கு நேந்த நேர்ச்சைய மட்டும் எதுக்குக் கையில வச்சிருக்க? அதத் திருப்பிக் குடு."

கூரைக்கு உத்தரவு கேட்டுக் கேட்டு அலுத்தோமே தவிர, நேர்ச்சையைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஊரில் எந்த மீசைக்கும் தோன்றவில்லை. மாடன் வல்லயத்தை ஊன்றி நின்று யோசித்தார். சாமி யோசித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நேந்தவன் வந்து கேக்கட்டும். குடுக்கேன்."

"அவரு எப்படி வந்து கேப்பாரு? நீ வந்தா அவரு இல்ல, அவரு வந்தா நீ இல்ல. ரெண்டு பேரும் ஒரே ஒடம்ப வச்சுக்கிட்டு ஒளிஞ்சு வெளையாடுதிய. நடுவுல ஒருத்தி கசாயம் வச்சே தேயுதேன்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். மேளக்காரர்கூடச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அவரு போயிட்டா நீ வேற ஒருத்தன் மேல ஏறிக்கிடுவ. நான் என்ன செய்வேன்?"

யாரும் பிறகு சிரிக்கவில்லை. மாடன் ஒரு பிடி திருநீற்றை அள்ளி அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். "கேக்கச் சொல்லு, தாயி" என்றார். அதோடு மலையேறிவிட்டார்.

அண்ணாச்சி கண் விழித்ததும் நாங்கள் நாலைந்து பேர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "குண்டு விழுந்தப்ப குடுத்த வாக்கு. இப்பப் போயி, குளுருது, திருப்பிக் குடுன்னு கேக்கவா? அப்படிக் கேட்டா நான் மனுசனா?" என்று எழுந்து போய்விட்டார். சாமி இறங்கி வந்துவிட்டது, ஆசாமி இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் வள்ளித்தாய் என் வீட்டுக்கு வந்தாள். "மைனி, ஏணி வேணும்."

"இந்தத் தூத்தல்ல எதுக்குட்டி?"

"கூரைன்னு ஒண்ணு இருக்கப் போயிதான அவரு உள்ள வர மாட்டேங்காரு."

தமாஷ் என்று நினைத்து ஏணியைக் கொடுத்தேன். அவள் சுவரில் சார்த்தி, ஏறி, ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்தில் அடுக்க ஆரம்பித்தாள். கட்டிலில் இருந்து அண்ணாச்சி துள்ளி எழுந்தார்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிட்டா? எறங்குட்டி!"

அவள் ஒரு கட்டில் அகலத்துக்கு வானம் தெரிகிற வரை கழற்றிவிட்டுத்தான் இறங்கினாள். பிள்ளைகளை என் வீட்டுக்கு அனுப்பினாள். வீட்டுக்குள் சாரல் விழுந்தது. "இங்கேருங்க, இந்த எடத்துல கூரை இல்ல. உள்ள வந்து படுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஓட்டைக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்தாள்.

அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்தார். "எந்திரி" என்றார். எழவில்லை. "காய்ச்சல் வரும், எந்திரி" என்றார். "வரட்டும்" என்றாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. அவளுக்குப் பல் தந்தியடித்தது. பர்மாவில் எதிரிக்குக்கூட அவ்வளவு பயந்திருப்பாரோ என்னவோ, அந்தப் பல் தந்தியடிக்கிற சத்தத்துக்கு மனிதர் வெலவெலத்துப் போனார்.

ஏணியில் ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். ஓடு ஒன்றை எடுத்தவர் வைக்காமல் நின்றார். அங்கிருந்து பார்த்தால் வயலுக்கு அப்பால் மாடன் தெரிவார். நனைந்த ஓடும் கையுமாக அந்தப் பக்கம் பார்த்து, வெட்கப்பட்டு, தொண்டையைச் செருமினார்.

"மாடா. எனக்குக் குளுருது. அவளுக்கும் குளுருது. என்னால கூரை போட முடியல. நேர்ச்சையத் திருப்பிக் குடு. நான் உள்ள போறேன்."

தூறல் விழுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு ஓட்டை வழியாக, கீழே பாயில் இருந்து, பல் தந்தியடிக்கிற குரலில் பதில் வந்தது.

"குடுத்தாச்சு. உள்ள போலே."

மாடன் பேசுவதை ஊரே கேட்டிருக்கிறது, அவர் ஒருவர்தான் அதுவரை கேட்டதில்லை. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "சரி சாமி" என்று சொல்லிவிட்டு, மிச்ச ஓடுகளை அடுக்கத் தொடங்கினார்.