உம்மு காலிப் யார்?

பஸ்ராவில் கயிற்றுக்கடைத் தெருவில் ரொட்டி சுட்டு விற்றவள் லுபாபா. தெரு அவளை உம்மு காலிப் என்று கூப்பிட்டது. காலிபின் தாய். காலிப் என்று ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை, அது வேறு விஷயம். கல்யாணமான அன்றே அவள் கணவன் ஹாஸிமைக் கூட்டாளிகள் அபூ காலிப், அதாவது காலிபின் அப்பன், ஆக்கிவிட்டார்கள். மூத்த மகனுக்குத் தன் தகப்பன் காலிபின் பெயரைத்தானே வைக்கப்போகிறான்! அப்பன் அபூ காலிப் என்றால் அவன் வீட்டுக்காரி உம்மு காலிப். பதினான்கு வருஷமாக அந்தப் பெயரை அவள் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தாள்.

போன வருஷம் ஹாஸிம் மைசூனை இரண்டாம் தாரமாகக் கூட்டிவந்தான். லுபாபா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இப்போது மைசூன் ஆண்பிள்ளை பெற்றுவிட்டாள். லுபாபாவுக்கு எரிந்த எரிச்சலுக்கு அடுப்பே தேவையில்லை, வயிற்றிலேயே ரொட்டி சுட்டிருக்கலாம்.

ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டும். முந்தின நாள் புருஷனை வாசலில் மடக்கினாள்.

"ஸக்ர்னு வைங்க, பாறை. பாறைன்னா எதிரி பயப்படுவான். லைஸ்னு வைங்க, சிங்கம். காலிப் மட்டும் வேணாம்."

"காலிப்னா ஜெயிக்கிறவன். அதுக்கு என்ன கொறைச்சல்? ஊரே என்னை அபூ காலிப்ங்குது. திடீர்னு நான் பாறைக்கு அப்பனா?"

"அப்ப நான் யாரு?"

"நீயும் உம்மு காலிப்தான். பெரிய உம்மு காலிப்."

"ஒரு பேரு, ரெண்டு அம்மா. கூப்பிட்டா எவ போறது?"

ஹாஸிம் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டான்.

மறுநாள் ஆடு அறுத்து, குழந்தைக்குத் தலை மழித்து, காலிப் என்றே வைத்தார்கள். முற்றம் நிறையப் பெண்கள். அத்தனை பேருக்கும் ரொட்டி சுட்டவள் லுபாபாதான். எதிர்வீட்டு ஹின்த் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, "உம்மு காலிப்!" என்றாள்.

"இதோ வந்துட்டேன்!" மாவுக் கையோடு லுபாபா எழுந்துவிட்டாள்.

ஹின்த் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒன்னை இல்லக்கா. புள்ள பெத்தவள."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மைசூன் சிரிக்காமல் தலைகுனிந்துகொண்டாள். அதுதான் லுபாபாவுக்குத் தாங்கவில்லை.

"இனிமே என்னை என்னன்னுடி கூப்பிடுவே? என் பேரைச் சொல்லியே கூப்பிடு."

ஹின்த் விழித்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் அடுத்தவளைப் பார்த்தாள்.

"லுபாபா," என்று கடைசியில் தன் பெயரைத் தானே சொன்னாள் ரொட்டிக்காரி.

"லுபாபாவா?" மூலையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "யாருடி அது, தெருவுக்குப் புதுசா வந்தவளா?"