உளுந்துக்கு முதல் பக்கம், அரிசிக்கு மறுபக்கம்

அமலி அரைத்த மாவில் இட்லி ஊற்றினால், அது சட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி, சூலூர் விமானப்படை ரேடாரில் ஒரு புள்ளியாகத் தெரியும். ரேடார் கொஞ்சம் அதிகப்படிதான். அதை அமலியே ஒத்துக்கொள்வாள். மூடியைத் தள்ளும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

சூலூரில் மாதா கோவிலுக்குப் போகும் தெருவில் இருக்கிறது அவளுடைய மாவுக் கடை. பலகையில் ‘அமலி மாவு’ என்று பெரிதாகவும், ‘சோடா சேர்ப்பதில்லை’ என்று அதைவிடப் பெரிதாகவும் எழுதியிருக்கும். வியாபாரமே அந்த இரண்டாவது வரியில்தான் நடந்தது. கோயமுத்தூரில் பி.காம். படித்தவள். பேங்க் வேலைக்குப் போயிருக்கலாமே என்று யாராவது ஆதங்கப்பட்டால், “பேங்குல பாட்டுப் போட உடுவாங்களாங்க?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

பாட்டு என்றால் ஒரே கேசட். மகள் ஃபெமினா வயிற்றில் இருந்த காலத்தில் மாடியில் குடியிருந்த ஷில்லாங்காரர் ஒருவர், விமானப்படை மெக்கானிக், மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. எழுபதுகளில் வந்த ஒரு ஆங்கில ராக் ஆல்பத்தை இசைத்தட்டிலிருந்து அவரே பதிந்திருந்தார். அட்டையில் மழைக்கு நடுவே நிற்கும் மஞ்சள் பேருந்து ஒன்றையும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்திருந்தார். அமலிக்கு அந்த ஆல்பத்தின் பெயர் அன்றிலிருந்து ‘மஞ்ச பஸ்’தான்.

முதல் பக்கம் உளுந்துக்கு, மறுபக்கம் அரிசிக்கு. முதல் பாட்டில் கிட்டார் தனியாகக் கிளம்பும். அப்போது ஊறிய உளுந்து கிரைண்டருக்குள் போகும். டிரம்ஸ்காரர், ஓடும் பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பவரைப் போலக் கொஞ்சம் தாமதமாக வந்து ஏறிக்கொள்வார். அப்போது முதல் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூன்றாவது பாட்டு மெதுவானது. பாடுகிறவருக்குத் தொண்டை கரகரவென்று, கோவிலில் ஜெபம் சொல்லும் கோவில் பிள்ளைக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் உருகவைத்துவிடுவார். அதற்குள் மாவு நுரைக்கத் தொடங்கியிருக்கும். அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டில் இரண்டு கிட்டார்களும் மாமியாரும் மருமகளுமாக மாறி மாறிப் பேசி, ஒரேயடியாக நிற்கும், டிரம்ஸில் ஒரு அடி விழும். உடனே டேப் ரெக்கார்டர் பட்டன் ‘டக்’ என்று மேலே எழும்பும். அந்த ‘டக்’ கேட்டதும் அமலியின் கை தானாகப் போய்க் கிரைண்டரை நிறுத்தும். மாவு பூப்போல இருக்கும். கையை விட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

இந்த வருடம் மாதா கோவில் பங்குத் திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், கோவில் சாப்பாட்டுக்கான உளுந்து ஊறித் தயாராக இருந்த நேரம் பார்த்து, டேப் ரெக்கார்டர் கேசட்டைத் தின்றுவிட்டது. அமலி நாடாவை இழுத்தாள். அது பிழிந்த சேவை மாதிரி கையோடு வந்தது.

திருவிழாவுக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஃபெமினா எட்டிப் பார்த்தாள். “அந்தக் கேசட் செத்து எத்தனையோ வருசம் ஆச்சும்மா. நீங்கதான் அடக்கம் பண்ணாம வெச்சிருந்தீங்க.”

“நக்கல் பண்ணாத கண்ணு. ரெண்டு அண்டா மாவு நாளைக்குக் கோவிலுக்குப் போகோணும். பாட்டில்லாம நான் எப்படி அரைக்கறது?”

ஃபெமினா பாட்டின் முதல் வரியை ஃபோனில் தட்டித் தேடினாள். அசல் ஆல்பம் வந்தது. கூடையளவு ஸ்பீக்கர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டு, பூ வாங்கக் கிளம்பிவிட்டாள்.

கிட்டார் கிளம்பியது. அமலி உளுந்தைப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசிப் பாட்டில் கிட்டார்கள் நின்றன, டிரம்ஸில் ஒரு அடி விழுந்தது. ‘டக்’ வரவில்லை. அதற்குப் பதிலாக யாரோ மெல்லச் சிரித்தார்கள். பாட்டுப் பதிந்த அறையில் இருந்த ஒருவருடைய சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு மவுத் ஆர்கன் தூரத்திலிருந்து நடந்து வந்தது.

அமலி அப்படியே நின்றாள். ஷில்லாங்காரர் இதையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் பதிந்திருக்கிறார்! ஃபோனில் கேசட்டைத் திருப்பும் வேலை இல்லாமல் மறுபக்கப் பாட்டுகளும் தானாகத் தொடர்ந்தன. அவற்றை இதுவரை அரிசி உடையும் இரைச்சலோடுதான் கேட்டிருந்தாள். உளுந்து சத்தம் போடாத பண்டம். இப்போதுதான் கரகரத் தொண்டைக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கூடவே பாடிக்கொண்டு வருவது காதில் விழுந்தது. கூட்டத்தில் கணவனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண்ணைப் போல, விடாமல், ஆனால் முன்னால் வராமல் பாடிக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலமும் இந்தம்மா இங்கேதான் இருந்திருக்கிறாள். அமலி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பூவோடு திரும்பி வந்த ஃபெமினா கத்தினாள்.

“ஏம்மா! கிரைண்டரு இன்னும் ஓடிட்டே இருக்குது! கல்லு கொதிக்குது பாருங்க!”

அமலி கையை விட்டாள். மாவு வெதுவெதுவென்று பசைபோல ஒட்டியது. சூடேறிய உளுந்து பொங்காது என்பது அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதிதாக ஊறப்போட நேரமில்லை, கடையில் உளுந்தும் இல்லை. பேக்கரியில் ஐஸ் வாங்கிவரச் செய்து கொட்டினாள். அரிசியை அரைத்துச் சேர்த்தாள். ஜெபமாலையும் சொன்னாள்.

காலையில் திறந்து பார்த்தால், மாவு விட்ட இடத்திலேயே நின்றது.

“சமையல்காரருகிட்டச் சொல்லிப்போடலாம்மா,” என்றாள் ஃபெமினா.

“சொன்னா? நாளைக்கு நம்ம போர்டை யாரு மதிப்பா? வாயத் தொறக்காத.”

கோவில் சமையல் கூடத்தில் மாசாணம் அண்டாக்களை இறக்கி வாங்கினார். திருவிழாச் சமையல் எப்போதும் அவர்தான். மூடியைத் திறந்து பார்த்தார், அமலியைப் பார்த்தார். “நீங்க பூசைக்குப் போங்கக்கா,” என்று மட்டும் சொன்னார்.

பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று அமலிக்குத் தெரியாது. ஊரே உட்கார்ந்து கல்லைக் கடிக்கும் காட்சிதான் கண்முன் ஓடியது. கடைசி ஆசீர்வாதம் முடியும் முன்பே எழுந்து சமையல் கூடத்துக்கு ஓடினாள்.

ஓடியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இட்லிக் கொப்பரையின் மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் இட்லிகள் உப்பி, வெள்ளைவெளேரென்று எட்டிப் பார்த்தன.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது. பந்திக்கு இலை எடுக்க வந்த பெண்களை எல்லாம் கைதட்டிக் கூப்பிட்டாள்.

“பாத்துக்கோங்க! மூடியத் தள்ளுமுன்னு சொன்னா சிரிச்சீங்கல்ல? நேத்து ரெண்டு பக்கமும் பாட்டுக் கேட்ட மாவுங்க இது. அதான் ரெட்டிப்பா தள்ளுது!”

மாசாணம் கரண்டியைக் கீழே வைக்காமலே திரும்பினார்.

“பாட்டெல்லாம் இல்லீங்கக்கா. கல்லாட்டம் கெடந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் நாந்தான் சோடா போட்டேனுங்க.”