இடப்பக்க ஜன்னல்

நண்பரே, இதைப் படித்து முடிக்கும்வரை நீங்கள் என் சாட்சி. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஓடும் பேருந்தில், உடனிருந்தோர் திரும்பிப் பார்க்கும்படி உரக்க ஒரு வாக்குக் கொடுத்தேன். அதை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேனா, இக்கட்டுரையை எழுதி முறித்துவிட்டேனா என்பதை இறுதி வரியில் நீங்களே முடிவு செய்ய வேண்டும். சாட்சியையே நீதிபதியாகவும் ஆக்குகிறானே என்று நகைக்காதீர்கள். மேடையில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் சகஜம்.

கூண்டில் நிற்கிறேன் என்று சொன்னால் அணியழகுக்காகச் சொல்கிறேன் என்பீர்கள். சென்ற மாதம் உண்மையாகவே ஒரு கூண்டில் உட்கார்ந்தேன். அமீர்பேட்டில், பயிற்சி நிலையங்களின் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், காதுப் பரிசோதனை. சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய சுவர்கள், கனத்த கதவு, கையில் ஒரு பொத்தான். "சவுண்ட் வினிபிஸ்தே பட்டன் நொக்கண்டி, அங்கிள்" என்றாள் அந்தப் பெண். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், வேறு பொறுப்பில்லை. அவள் காதில் மாட்டிவிட்ட கருவியின் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. பொத்தானை அழுத்த மறந்தேன். அந்த வாசனையை நான் முன்பே அறிவேன்.

செகந்திராபாத்துக்கு அருகே, மல்லாபூருக்கு அப்பால் ஓர் அரசுத் தொழிற்சாலை. அதன் நேர அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. திருச்சியில் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளின் சுழற்கோப்பைகளை மூன்றாண்டுக் காலம் சுழலவிடாமல் வைத்திருந்தவன் நான். ஐந்து நிமிட அவகாசம் கொடுத்தால் எந்தத் தலைப்பையும் ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். அப்படிப்பட்டவனுக்கு அரசாங்கம் அளித்த மேடை, கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல். அதன் அடியில் ஒரு கை நுழையுமளவு திறப்பு. தொழிலாளி தன் எண்ணைச் சொல்வார். பலகையிலிருந்து அந்த எண் பொறித்த பித்தளை டோக்கனைக் கழற்றிக் கொடுப்பேன். வேலை முடிந்து போகையில் திருப்பித் தருவார். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் வெளியே. ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் உள்ளே. எனக்கு முகங்கள் தெரியா. விரல்கள் தெரியும். நகக்கண்ணில் கரி படிந்த விரல்கள், ஒரு கணு குறைந்த விரல்கள். அரங்குகளை ஆண்டவன் நாள்தோறும் விரல்களுக்கு எண்களை வழங்கிக்கொண்டிருந்தேன்.

சிலகலகூடாவில் ஒற்றை அறை. ஞாயிறு முழுவதும் பேச ஆளிராது. திங்கட்கிழமை காலையில் முதற்சொல் வெளிவரும்போது அது வேறெவனோ பேசியதுபோல இருக்கும்.

ஆகவே செகந்திராபாத்திலிருந்து எங்களை ஏற்றிச்செல்லும் கம்பெனி பஸ்தான் எனக்கு ஊர், உறவு எல்லாம். அந்தப் பஸ்ஸுக்கு எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவர் தமக்கு வேண்டியவருக்காக இருக்கையில் கைக்குட்டையை விரித்துவைப்பார். அதன்மேல் வேறெவரும் அமரமாட்டார். சில இருக்கைகளுக்குக் கைக்குட்டையே தேவையில்லாத அளவுக்கு உரிமை முற்றியிருந்தது. முதல் நாளே அப்படி ஒன்றில் நான் அமர்ந்துவிட்டேன்.

"நக்கோ தம்பி, நக்கோ! வேணாம், எழுந்திரு. அது ரெட்டி சாப் சீட்டு. கர்சீப் இல்லேன்னா என்ன, அவர் தலை எண்ணெய் கம்பியில ஒட்டியிருக்கு பாரு. இங்க வா."

அழைத்தவர் இடப்பக்க ஜன்னலோரத்தில் அமர்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கலாம். சம்மட்டிக் கூடத்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் இயந்திரச் சம்மட்டி விழுந்துகொண்டேயிருக்கும் கொட்டகையில், கிரேன் இயக்குபவர். அவருக்கு நான் இடும் பெயர் மனோகர், இயற்பெயர் வேறு.

"நீங்க தமிழா?"

"ஹவ், ஆமா. எங்க தாத்தா வேலூர்லேர்ந்து பட்டாளத்தோட வந்தவரு. தமிழ்தான். கொஞ்சம் அடிபட்ட தமிழ்."

மறுநாள் முதல் அவருக்குப் பக்கத்து இருக்கையில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று எனக்காகக் காத்திருந்தது. தார்நாகா வருவதற்குள் நான் உலக விவகாரங்களை முடித்து, ஹப்சிகூடாவில் மொழிப் பிரச்சினையைத் தொட்டு, நாசாரத்தில் தொகுப்புரை வழங்குவேன். அவர் தலையை லேசாக என் பக்கம் சாய்த்து ஒன்றுவிடாமல் கேட்பார். அந்த நகரத்தில் என் குரல் போய்ச் சேர்ந்த ஒரே இடம் அந்தக் காது. வலக்காது.

ஜன்னலை மட்டும் அவர் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சித்திரை வெயிலில் கெஞ்சியும் பார்த்தேன். ஒருநாள் மாலை, விளையாட்டாக, அவருக்கு முன்னால் ஓடி ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டேன். நாசாரம்வரை பேசினேன். எல்லாவற்றுக்கும் "ஹவ், ஹவ்" என்று தலையசைத்தார். ஐயம் தோன்றியது. "அண்ணே, நீங்க ஒரு பெரிய முட்டாள்" என்றேன். அதற்கும் "ஹவ்" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு மரத்தடிக்கு இழுத்துச் சென்றார்.

"கண்டுபிடிச்சிட்டே இல்ல? இந்த இடது காது போயிடிச்சு தம்பி. மூணு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. மெடிக்கல் டெஸ்ட்ல தெரிஞ்சா கிரேன்லேர்ந்து இறக்கிடுவான்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"சரளாவுக்கா? நக்கோ. அவ இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு ஏதோ பேசுவா. நான் தூங்கறேன்னு நெனச்சிப்பா. கோவமா இருக்கேன்னும் நெனச்சிப்பா. நெனச்சிக்கட்டும். இன்னிக்கு வீட்டுல சொன்னா நாளைக்கு ஒர்க்ஷாப்ல தெரியும்."

"கிரேன் இல்லேன்னா வேற வேலை குடுப்பாங்க அண்ணே."

"கைக்கு? எதுக்கு வேற வேலை? மேல ஏறிட்டா நான்தான் ராஜா. உடைஞ்ச கண்ணாடி வழியா மௌலாலி குன்று தெரியும். மத்தியானம் டிபன் பாக்ஸைக் கயித்துல கட்டி அனுப்புவானுங்க. ஒருத்தன் ஏன்டான்னு கேக்க மாட்டான். கீழ கலாசி கையை ஆட்டறான், நான் கண்ணால பாக்கறேன். காது எதுக்கு அங்க?"

கலாசி என்பவர் தரையில் நின்று சுமைக்குச் சங்கிலி பூட்டிக் கையால் சைகை காட்டுபவர். ஆபத்து வந்தால் அவர் விசில் ஊதுவார் என்பதும், அதற்குக் காது வேண்டும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று தலையசைத்தேன்.

பிறகு பாதுகாப்பு வாரம் வந்தது. வாயிலில் கொடி, மரங்களின் அடியில் வெள்ளை, உணவுக்கூடத்தில் ஊழியர்களும் குடும்பத்தாரும் கூடும் ஆங்கிலப் பேச்சுப் போட்டி. இரண்டாண்டுகள் விரல்களோடு வாழ்ந்தவனுக்கு ஒலிபெருக்கியைக் கண்டதும் என்ன நேரும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். தலைக்கவசம், கையுறை, கண்ணாடி என்று முன்னே பேசியவர்கள் பட்டியல் வாசித்தார்கள். கூட்டம் கொட்டாவி விட்டது. அதைத் தட்டி எழுப்ப ஒரு மனிதன் வேண்டும் என்று கணக்கிட்டேன். என்னிடம் ஒருவர் இருந்தார்.

"இந்த ஆலைக்கு உழைப்பைத் தந்தவர்கள் உண்டு, வியர்வையைத் தந்தவர்கள் உண்டு, உயரத்தில் தனியாக அமர்ந்து தன் ஒரு காதையே தந்துவிட்டவனை நீங்கள் அறிவீர்களா?" என்று எல்லோருக்கும் புரியும் எளிய ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவன் மனைவி இரவில் அந்தப் பக்கமிருந்து பேசுகிறாள், பதில் வருவதில்லை, கணவனுக்குத் தன்மேல் அன்பில்லை என்று எண்ணிக் கண்ணயர்கிறாள் என்றேன். அழுதாள் என்றுகூடச் சேர்த்ததாக நினைவு. பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாவிட்டால் ஆளைச் சொல்லவில்லை என்றே நம்பினேன். மனிதர்களை எண்களாக்கி ஆணியில் மாட்டும் அலுவலகத்தில் இருந்தவனுக்கு அந்த மயக்கம் எளிதில் வரும்.

கைதட்டல் கூரையை முட்டியது. பாதிப் பேர் கைதட்டியவாறே நான்காம் வரிசையைத் திரும்பிப் பார்த்ததை மேடையிலிருந்து கண்டேன். வரிசையின் இடக்கோடியில் மனோகர். அவருக்கு வலப்பக்கம் சரளா. ஓசை அடங்கியது. சரளா கணவரின் முதுகுப்புறமாகச் சாய்ந்து, அவருடைய இடக்காதருகே மெல்ல ஏதோ சொன்னார். மனோகர் திரும்பவில்லை. மேடையைப் பார்த்தபடி, அனைவரும் நிறுத்திய பின்னும், அவர் மட்டும் இன்னும் இரண்டு முறை கைதட்டினார்.

எனக்கு முதற்பரிசு. மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். அதை நிரப்பித் தர என் அறையில் யாருமில்லை.

அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து மனோகருக்கு அழைப்பு வந்தது. அதற்கடுத்த வாரம் ஆணை வந்தது. சம்பளத்தில் குறைவில்லை, பணி மட்டும் கருவிக்கிடங்கின் கௌன்டரில். ஆணையின் நகல் நேர அலுவலகத்துக்கு வரும். சம்மட்டிக் கூடத்துப் பலகையிலிருந்து அவருடைய டோக்கனைக் கழற்றிக் கிடங்குப் பலகையில் மாட்டும் கடமை என்னுடையது. மாட்டினேன். பித்தளை என்பதால் கொஞ்சநேரம் ஆடி, பிறகு நின்றது.

அந்த ஞாயிறு மெட்டுகூடாவில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. சரளா வாசற்கதவைப் பாதி திறந்து நின்றார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன் அண்ணி."

"மூணு வருஷமா அவருக்கு என்மேல வெறுப்புன்னு நெனச்சிட்டிருந்தேன் தம்பி. இல்லேன்னு தெரிஞ்சிடிச்சு. அது நல்லதுதான். ஆனா, ஊரோட உக்காந்தா நான் அதைத் தெரிஞ்சுக்கணும்?"

மறுப்புரைக்கென்று எந்தப் போட்டியிலும் இரண்டு நிமிடம் ஒதுக்குவார்கள். அதைக் கேளாமலே படியிறங்கினேன்.

என் பேச்சின் பயனாகவே சம்மட்டிக் கூடத்தாருக்குக் காதுறைகள் வந்தன என்று எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. கருவிக்கிடங்கில் அட்டைப்பெட்டியைப் பிரித்து அவற்றை ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தவர் மனோகர்தான். அவ்வழியே போனபோது புது ரப்பர் வாசனை வராந்தாவெங்கும் நிறைந்திருந்தது. கௌன்டருக்கு இப்பால் நின்றவர்கள் வேண்டுமென்றே வாயை மட்டும் அசைத்துவிட்டுச் சிரித்தார்கள். "சத்தமா கேளு பையா, இல்லேன்னா ஸ்பேனருக்குப் பதிலா சுத்தியை எடுத்து மண்டையில வைப்பேன்" என்றார் மனோகர். அவரும் சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார்.

அவரைக் கிரேனிலிருந்து இறக்கியது தவறென்று நான் இன்றும் வாதிட மாட்டேன். கீழே நின்றவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. காதுறைகளும் பலரைக் காப்பாற்றியிருக்கும். அத்தனை நியாயங்களையும் அடுக்கிய பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: அவரிடமே போய், "நீங்களே சொல்லிடுங்க அண்ணே, நானும் கூட வர்றேன்" என்று சொல்ல எனக்கு எத்தனையோ பஸ் பயணங்கள் இருந்தன. அங்கே எனக்குக் கைதட்ட யாரும் இல்லை.

பஸ்ஸில் கைக்குட்டை இருக்காது என்று எண்ணித்தான், போட்டி முடிந்த மறு திங்களன்று ஏறினேன். இருந்தது. அதே நீலக் கட்டம். ஆனால் அது ஜன்னலோரத்தில் விரிக்கப்பட்டிருந்தது. மனோகர் நடைபாதைப் பக்கம் நகர்ந்து அமர்ந்திருந்தார்.

"உள்ள போங்க சார்" என்றார், முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டு.

தம்பி போய்ச் சார் வந்துவிட்டது. நான் கெஞ்சிக் கேட்ட ஜன்னல் எனக்கே கிடைத்துவிட்டது. அவருடைய இடப்பக்கத்தில் நான். அன்றிலிருந்து அவர் ஒருநாளும் எனக்கு இடம்பிடிக்கத் தவறியதில்லை. ஒருநாளும் ஜன்னலோரத்தில் அமர்ந்ததுமில்லை. மௌலாலி குன்று வரும்போது மட்டும் என்னைத் தாண்டி வெளியே பார்ப்பார்.

மறு ஆண்டும் போட்டியில் கலந்துகொண்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது. மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசினேன். மூன்றாம் பரிசு.

இன்று அந்தப் பஸ் இல்லை. மூன்று வேளையும் ஊதிய சங்கு இல்லை. டோக்கன் பலகைகள் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயினவோ. பரிசோதனை முடிந்து அமீர்பேட்டில் மெட்ரோ ஏறினேன். பெட்டி முழுவதும் இளைஞர்கள் இரு காதுகளிலும் எதையோ செருகிக்கொண்டு அவரவர் உலகில் நின்றார்கள். எவரும் எவருக்கும் இடம் போட்டுவைக்கவில்லை. மனோகரும் இல்லை, பத்தாண்டுகள் ஆகின்றன. என் இடக்காது பாதி போய்விட்டது என்று சீட்டு எழுதித் தந்திருக்கிறார்கள்.

வீடு திரும்பியதும் சரளாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எழுதலாமா என்றேன். "எழுதுங்க. இந்தவாட்டி முன்னாடியே சொல்றீங்களே, அது போதும்" என்றார்.

இனி வாக்கு. கைக்குட்டை இடம் மாறி ஒரு மாதம் இருக்கும். நாசாரத்தைக் கடந்து பஸ் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் எதிரேயே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் பழகிய அடிவயிற்றுக் குரலை முழுவதும் திரட்டி, அந்த இடக்காதின் அருகே சொன்னேன். ரெட்டி சாப் திரும்பினார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். மனோகர் திரும்பவில்லை.

"அண்ணே, உங்களைக் கேக்காம, உங்க வீட்டுல கேக்காம, உங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூட இனி எங்கயும் பேச மாட்டேன்."