படத்தில் வராத மதில்

தொண்ணூறுகளில், என் வீடு இருந்த நெய்யாற்றின்கரைச் சந்தை ரோட்டைத் திருத்த அரசு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதியவன் நான். பேருந்து, சைக்கிள், கைவண்டி, நடப்பவர் எல்லோருக்கும் வழி வரைந்தேன். ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கப் போனபோது, பக்கத்துக் காரோடு ஊரிலிருந்து மீன்கூடை சுமந்து வருகிறவள் படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"சாரே, எல்லாருக்கும் வழி உண்டு. ஒங்க மதிலு ரோட்டுல ஏறி நிக்குதே, அத மட்டும் காணல்லியே?"

"பொறவு இடிப்பேன்" என்றேன். அதை ரோட்டுக்குள் தள்ளிக் கட்டியவனே நான்தான்.

மானியம் கிடைத்தது. சைக்கிள்காரர்கள் பயமின்றிப் போவதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பெருமை பொங்குகிறது. ஆனால் புது நடைபாதையில் வந்த அவள், என் வீட்டு முன்னால் மட்டும் கூடையோடு ரோட்டில் இறங்கி நடந்தாள். அவள் சுமப்பதை நிறுத்திய பிறகுதான் மதிலை இடித்தேன்.