கிளியின் பேரைச் சொல்லி

வேலூர்ப் பக்கத்து வெயிலில் தாகம் ஒரு நோயின் அடையாளம் என்று யாருக்கும் தோன்றாது. ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷாப்பில் (தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) சித்திரை மாதத்தில் எல்லோருமே தண்ணீர்ப் பானையைச் சுற்றித்தான் நிற்போம். பிறகு மழைக்காலம் வந்தது. மற்றவர்கள் பானையை மறந்துவிட்டார்கள். நான் மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. கால் விரல்கள் மரத்துப்போயின. செருப்பு கடித்துப் புண்ணானதுகூட எனக்குத் தெரியவில்லை. என் மனைவி சரோஜா பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள்தான் என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை தங்கிவிடும் நோய்) என்றார்கள். அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்களைப் பார்த்த டாக்டரம்மா மெதுவாகப் பேசுகிறவர். "இது தீர்ற வியாதி இல்லைங்க. கூடவே வச்சுகினு வாழற வியாதி. ஊசி பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க வாயில இருக்குது" என்றார்.

ஊசி என்று அவர் சொன்னது இன்சுலின் (சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மருந்து). சரோஜா அதைப் போடக் கற்றுக்கொண்டாள். கண்ணாடி ஊசிக்குழாயைக் கொதிநீரில் போட்டு எடுப்பாள். மருந்துக் குப்பியை ஈரமணல் நிரப்பிய சட்டியில் புதைத்து வைப்பாள். காலையில் என் சிறுநீரில் சில சொட்டுகளை நீல மருந்தோடு சேர்த்துச் சுடுவாள். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறத்துக்கு மாறினால் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று பொருள். சோறு குறைந்தது. கேழ்வரகும் கீரையும் கூடின. வெல்லமும் சீனியும் எனக்கு இல்லை.

இனிப்பு என்றால் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். ஆற்காட்டு மக்கன் பேடாவை நினைத்தாலே நாக்கு ஊறும். இதே நோய் உள்ளவர்கள் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊசி போடுவது எப்படி என்று சொல்ல உங்களுக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, ஒருவன் தன்னை எப்படி ஏமாற்றிக்கொள்வான் என்பதை. சொல்லும்போதே கூசுகிறது.

அந்தச் சமயத்தில்தான் கிளி வந்தது. என்னோடு வேலை பார்த்த கரீம் பாய் மதராசுக்குக் குடிபோனார். அங்கே கிடைத்த வீட்டில் கூண்டு தொங்கவிட இடமில்லை. என் மகள் வசந்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் கேட்டாள் என்பதற்காகக் கிளியை வாங்கிக்கொண்டேன். கழுத்தில் வளையமிட்ட பச்சைக்கிளி. பேர் மிட்டு.

கூண்டைக் கொடுக்கும்போது கரீம் பாய் சொன்னார்: "இதுக்கு ஜாஸ்தி செலவில்ல. கொய்யா, கொத்தமல்லி, ஊறவச்ச கொண்டக்கடலை, பச்சமொளகா. தண்ணிய ரெண்டு வேள மாத்துங்க. பாலு, இனிப்பு மட்டும் வேணாம். வவுறு பேஜாராய்டும்."

வீட்டுக்கு வந்து நான் சொன்னது வேறு. "கரீம் பாய் இத செல்லமா வளத்திருக்காரு. பால்சோறு சக்கரை போட்டுக் குடுக்கணுமாம். வாழப்பழம் வேணுமாம். அப்பப்போ ஒரு பேடா."

இதைத் திட்டமிட்டுச் சொன்னேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. ஆனால் மறுநாள் பேடா வாங்கி வந்தது தானாக வந்ததல்ல.

கூண்டு பின்கட்டில் தொங்கியது. கிளிக்குத் தீனி போடுவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சரோஜா கிண்ணத்தில் பால்சோறு பிசைந்து கொடுப்பாள். பொறுப்பான அப்பாவைப் போல எடுத்துக்கொண்டு போவேன். பொய் முழுப் பொய்யாக இருக்கக் கூடாது என்று ஒரு துளியை மிட்டுவுக்குக் கொடுப்பேன். மீதி என் வாய்க்குள் போகும். மிட்டு முதலில் தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது. கொய்யாவை நீட்டினால் கீழே தள்ளிவிட்டு, பேடா வருகிறதா என்று என் கையைப் பார்க்கும்.

காலையில் மருந்து செங்கல் நிறமாக மாறிற்று. சரோஜா அந்தக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "நான் இன்னா தப்பு பண்றேன்னு தெரிலியே" என்பாள். சோற்றை இன்னும் குறைத்தாள். கறியில் கிழங்கை நிறுத்தினாள். எனக்கு எதிரில் சாப்பிட மனம் வராமல் அவளும் கேழ்வரகுக்கு மாறினாள். வேலூரில் டாக்டரம்மா ஊசி மருந்தின் அளவை ஏற்றினார். பிறகு இன்னும் ஏற்றினார். நான் எதிரில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

மிட்டு ஒருநாள் கத்தவில்லை. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் மூலையில் உட்கார்ந்திருந்தது. எச்சம் தண்ணீராகப் போயிற்று. வால் இறகு ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு அது நகரவே இல்லை. குடிப்பதும் மறுபடி குடிப்பதுமாக இருந்தது. ஷாப்பில் பானைப் பக்கத்தில் நான் நின்ற நிற்பு எனக்கு நினைவுக்கு வந்தது. பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டேன்.

வசந்தா அழுத அழுகையில் மூன்று பேருமே மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில் ஆடுகளும் ஒரு சினைப்பசுவும் காத்திருந்தன. கூண்டோடு நின்ற எங்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கிளியைத் துணியில் பிடித்து, அலகைப் பிரித்து உள்ளே காட்டினார். நாக்கிலும் மேலண்ணத்திலும் வெள்ளைப் படலம் படர்ந்திருந்தது.

"இன்னா குடுக்கறீங்க?"

சரோஜா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பால்சோறு ஒரு கிண்ணம், வாழைப்பழம், பேடா, வெல்லம்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, இதெல்லாம் இந்தக் கிளியா திங்குது? அவ்ளோ தின்னா இது கிளியா இருக்காது, கன்னுக்குட்டியா இருக்கும். இதுக்கு ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு தீனி போதும். நீங்க சொல்றத வேற யாரோ திங்கறாங்க."

சரோஜா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் சந்தேகம் இன்னும் வந்திருக்கவில்லை. கேள்விதான் இருந்தது. என் கையில் கூண்டு இருந்தது. நான் அதன் கம்பிகளைப் பார்த்தேன்.

"நான்தாம்மா தின்னேன்" என்றாள் வசந்தா.

சரோஜா அவள் கன்னத்தில் அறைந்தாள். "உங்கப்பா வாயக் கட்டிகினு கெடக்கறாரு, உனக்குத் திருட்டுத் தீனி கேக்குதா? வாயில்லா ஜீவன் சாவக் கெடக்குதுடி!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வசந்தா அழவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நான் கூண்டைப் பிடித்தபடி நின்றேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு அசையவில்லை. இனிப்புக்காக அத்தனை சுலபமாகப் புரண்ட நாக்கு.

டாக்டர் ஒரு ஊதா மருந்து கொடுத்தார். பஞ்சில் தோய்த்து அலகின் உள்ளே தடவ வேண்டும். பால் பறவைக்குச் செரிக்காது, இனிப்பில் அந்தப் பூஞ்சை வளரும், இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள் என்றார். ஊறி முளைவிட்ட கடலை, கீரை, கொய்யா, வேகவைத்த சோளம் கொடுக்கச் சொன்னார். குளிர்காற்றுப் படாமல் வைத்து, காலை வெயில் கொஞ்சம் காட்டவேண்டும். பழகிய இனிப்பு இல்லாமல் முதலில் சாப்பிடாது, பயந்து திரும்பவும் பாலைக் கொடுத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். கரீம் பாய் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்.

அன்றோடு வீட்டில் இனிப்பு நின்றது. மிட்டுவுக்குத் தீனி போடும் வேலையை வசந்தா எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகுமுன் மருந்து தடவுவாள். கிளியின் சிவப்பு அலகு ஊதாவாயிற்று. அவள் விரல்களும் ஊதாவாயின. என்னிடம் அவள் வழக்கம்போலத்தான் பேசினாள். அது எனக்கு அறை வாங்கியதைவிட வலித்தது.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். நான் திருட்டுத்தனமாகத் தின்றதற்கு ஈடாக ஊசியின் அளவு ஏறியிருந்தது. தின்பது நின்றுவிட்டது. ஊசி அப்படியே இருந்தது. டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால், சரோஜா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். எனக்கு வேர்த்தது. கை நடுங்கியது. சுவர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது போலிருந்தது. தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கி மூளை தடுமாறும் நிலை) வந்தால் இப்படி ஆகும் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. தூணைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தேன்.

வசந்தா ஓடிவந்து பார்த்தாள். அடுத்த வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது உள்ளங்கை நிறையச் சீனி. பின்னாலேயே அடுத்த வீட்டு அம்மாளும் வந்தார்.

"அப்பா, வாயத் தொறங்க."

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் அந்த நிமிடம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசுகிறது. அடுத்த வீட்டு அம்மாள் பார்க்கிறார், நான் கட்டுப்பாடானவன் என்று காட்ட வேண்டும் என்றே பாதி செத்த மூளைக்குத் தோன்றிற்று. "இன்னாடி, என்ன மாட்டி வைக்கப் பாக்கறியா? எனக்கு ஆவாது, எடுத்துட்டுப் போ" என்று குழறியபடி அவள் கையைத் தட்டிவிட்டேன். சீனி தரையில் சிதறியது.

அவள் மறுபடி ஓடிப்போய் வாங்கி வந்தாள். என் தாடையைப் பிடித்து, கிளியின் அலகைப் பிரிப்பது போலவே விரலை விட்டு என் வாயைத் திறந்து, ஊதாக் கறை படிந்த விரல்களால் சீனியைக் கன்னத்துக்குள் வைத்துத் தேய்த்தாள். "டாக்டரம்மா சொன்னாங்கப்பா, வேர்த்துக் கொட்டுனா சக்கரை குடுக்கணும்னு. முழுங்குங்க. முழுங்குங்கப்பா."

அந்தச் சீனியின் ருசி எனக்கு நினைவில் இல்லை. சுவர் திரும்பி வந்ததுதான் நினைவிருக்கிறது.

மறுநாள் வேலூருக்குப் போய், நான் சரிந்து விழுந்ததைச் சொன்னோம். டாக்டரம்மா சரோஜாவைக் கேட்டார். "அளவு ஜாஸ்தியாத்தான் தெரியுது. ஆனா முன்னால அவ்ளோ தேவைப்பட்டுதே, ஏன்? எதுனா தப்பா சாப்ட்டாரா?"

"இல்ல டாக்டர். நாக்கக் கட்டிகினுதான் இருக்காரு. நான் பாத்துப் பாத்துச் செய்றேன்" என்றாள் சரோஜா. அவள் குரலில் பெருமை இருந்தது.

அந்தப் பெருமையைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. "கிளி பேரச் சொல்லி நான்தான் தின்னேன். எல்லாம் நான்தான். கொழந்த ஒண்ணும் தின்னல" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் அளவ ஏத்தியிருக்க மாட்டேன். உங்க வாய நம்பித்தான் நான் ஊசி போடறேன். பொய் சொன்னீங்கன்னா நான் கண்ணக் கட்டிகினு போடற மாதிரி. நேத்து அந்தப் பொண்ணு இல்லன்னா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அளவைக் குறைத்து எழுதினார்.

சரோஜா என் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் இருந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தன பேரு முன்னால அவள அடிச்சேனே" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் வசந்தாவை மடியில் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டப் போய் நின்றேன். ஒரு தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டேன்.

"கூண்டுக்குப் பின்னால நீங்க தின்னத பாத்தேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா ரொம்ப அழுவும்" என்றாள். பிறகு, "உங்களுக்கும் வெக்கமா இருக்கும் இல்ல?" என்றாள்.

அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மிட்டு பிழைத்துக்கொண்டது. பேடா கேட்டுச் சில நாள் பட்டினி கிடந்தது. பிறகு ஒருநாள் முளைக்கடலை ஒன்றை எடுத்து, தோலை உரித்துத் துப்பிவிட்டுத் தின்றது. வாலில் புது இறகு முளைத்தது. ஆனால் என் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

என் உடம்பு தேறியது என்று சொல்ல மாட்டேன். அதோடு பேசக் கற்றுக்கொண்டேன். மரத்த கால்களைக் கண்ணால் பார்த்துத்தான் என்னுடையவை என்று தெரிந்துகொள்கிறேன். பசி முன்பெல்லாம் ருசியாக வரும். இப்போது அது எச்சரிக்கை மணிபோல வருகிறது. சாப்பாடு கொஞ்சம் பிந்தினால் உடம்புக்குள் யாரோ கதவைச் சாத்த ஆரம்பிக்கிறார்கள்.

சில வருடம் கழித்து, நர்ஸ் படிப்புக்கு மனுப்போட்ட வசந்தாவை நேர்முகத் தேர்வுக்காக வேலூருக்கு அழைத்துப் போனேன். காட்பாடிக்கு முன்னால் ரயில் நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரம் தாண்டியது. பெட்டி நிறைய ஜனம். எதிரில் ஷாப்பு முதலாளியின் உறவினர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. பழைய கூச்சமும் கூடவே வந்தது.

"வசந்தா, எனக்கு வருது. சக்கரை குடும்மா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் பார்க்கத் தின்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். ரயில் நகரவில்லை. வெளியே வயலில் யாரோ ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசை எங்கோ தூரத்தில் கேட்டது. பிறகு கொஞ்சம் கிட்டத்தில். பிறகு நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கேட்டது.

"வந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"வந்துட்டேன்" என்றேன்.