நீலக் கயிறு

கிளைவ் மார்டனுக்குப் பால் ஃபாக்டரி அனுப்பும் சீட்டு படிக்கத் தெரியும். நியூசிலாந்தின் டரனாகியில் மாடு கறக்கிற யாருக்குத்தான் தெரியாது என்று கேட்பீர்கள். மற்றவர்கள் அதில் எண்ணைப் பார்த்தார்கள். கிளைவ் மாடு என்ன தின்றது என்று பார்த்தான்.

அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் அவனுக்குத்தான் போன் போடுவார்கள்.

"கிளைவ், பால் ஏறியிருக்கு, கொழுப்பு மட்டும் விழுந்துருச்சு."

"பார்லிய அள்ளி அள்ளிக் கொட்டியிருப்ப. பால் ஏறத்தான் செய்யும். நார் இல்லாம கொழுப்பு எங்கேருந்து வரும்? போய்க் காஞ்ச புல்லு போடு, நல்லா அசை போடட்டும்."

புரதம் குறைந்திருந்தால், "உன் பொம்பளைங்க அரைப் பட்டினிய்யா. பச்சையா இருந்தா போதும்னு நெனச்சியா?" என்பான். பசுக்களை அவன் பொம்பளைங்க என்றுதான் சொல்வான். மனைவி நோலா அருகில் நின்றால், "உன்னைச் சொல்லல" என்று சேர்த்துக்கொள்வான். முப்பத்தெட்டு வருஷமாக அதே நகைச்சுவை. அவளும் முப்பத்தெட்டு வருஷமாகச் சிரித்தாள்.

போன இலையுதிர் காலத்தில் அவர்கள் சீட்டிலேயே கொழுப்பு ஒரே வாரத்தில் மளமளவென்று இறங்கியது. கிளைவ் தேநீர் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஃபாக்டரி மெஷின் கெட்டுப்போச்சு" என்றான். ஒரே கறவையில் அவன் இரண்டு தடவை பார்லி போடுவதை நோலா அதற்கு முந்தைய நாள்தான் பார்த்திருந்தாள். வாயைத் திறக்காமல் அளவைக் குறைத்துவிட்டாள். அன்றே பேசியிருக்க வேண்டும். பயந்துவிட்டாள்.

ஆகஸ்ட் வந்தது, கன்று ஈனும் காலம். கொட்டகையில் இரண்டு அடுக்காக மூட்டைகள். இரண்டிலும் வெள்ளைத் தூள்தான். சிவப்புக் கயிறு கட்டியது மெக்னீசியம், நிறைசினை மாடுகளின் புல்மேல் தூவ. நீலக் கயிறு கட்டியது சுண்ணாம்புத் தூள், ஈன்று கறவைக்கு வந்த மாடுகளுக்கு மட்டும். ஈனும் முன்பே சுண்ணாம்பு கொடுத்தால் பசுவின் எலும்பு சோம்பேறியாகிவிடும். பால் இறங்குகிற அன்றைக்கு வேண்டிய கால்சியத்தை எடுத்துத் தராது. பசு மடங்கி விழும். இந்தக் கயிறு ஏற்பாடே கிளைவுடையதுதான். எந்த மூட்டையைப் பிரித்தானோ அதன் கயிற்றைத் தூவிய வயலின் கேட்டில் கட்டிவிடுவான், இன்னொருவர் மறுபடி தூவாமல் இருக்க.

நோலா பத்து நாளாகக் கன்றுக் கொட்டகையை விட்டு நகரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கிளைவ் அங்கே வந்து நின்றான்.

"நாலு பேர் விழுந்து கெடக்காங்க, நோலா. டல்சியும்தான்."

டல்சி அவர்களுடைய ஜெர்சிகளிலேயே அதிகம் கறப்பவள். கால்நடை மருத்துவர் ஜூடித் வந்து ஒவ்வொன்றின் கழுத்து நரம்பிலும் கால்சியம் ஏற்றினாள். மூன்று எழுந்தன. அவையும் அந்த வருஷம் பழையபடி கறக்கப்போவதில்லை. டல்சியின் தலையைக் கிளைவ் மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரிடி, தாயி, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் எழவில்லை.

நோலா நிறைசினை மாடுகளின் வயல் கேட் பக்கம் போனாள். கம்பியில் நீலக் கயிறு ஐந்து, வரிசையாக, அழகாக முடிச்சுப் போட்டுத் தொங்கின. ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

"ஒரே காலையில நாலுன்னா தீவனத்துலதான் ஏதோ கோளாறு," என்றாள் ஜூடித். "இந்த வயலுக்கு யார் தூவினது?"

கிளைவ் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை. உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை. ஊரில் அவனுக்கு மிச்சம் இருந்தது மாடு தெரிந்தவன் என்ற அந்த ஒரு பெயர்தான். இது வெளியே தெரிந்தால் இனி ஒரு போன் வராது, ஒரு வாளியைக்கூட அவனை நம்பிக் கொடுக்கமாட்டார்கள்.

"நான்தான்," என்றாள் நோலா. "மூட்டை மாறிப்போச்சு."

ஜூடித் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

கிளைவ்தான் கேட்டான். "முப்பத்தெட்டு வருஷம். சுண்ணாம்புக்கும் மெக்னீசியத்துக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு? கயிறு எதுக்குக் கட்டுறேன்? கண்ணு எங்க போச்சு?" கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் குரலை உயர்த்தியதில்லை. அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். பைக்குள் விரல்கள் கயிற்றை இறுகப் பிடித்திருந்தன.

இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, பசுவின் வால்மேல் அடையாளத்துக்குப் பூசுகிற பச்சைப் பெயிண்ட் கையெல்லாம் வழிய வந்து அவளைக் கொட்டகைக்கு அழைத்துப்போனான்.

"கத்திட்டேன், மன்னிச்சுக்க. வயசாகுது உனக்கு, மறக்கத்தான் செய்யும். இனிமே தப்பு வராது பாரு."

ஒவ்வொரு மூட்டையிலும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். 'நோலா, இது சுண்ணாம்பு. சினை மாட்டுக்குக் கூடாது.' அந்த மூட்டைகளில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. நீலக் கயிறு கட்டியவற்றில் 'நோலா, இது மெக்னீசியம்.'

"நல்லாத் தெரியுதா?" என்றான்.

"நல்லாத் தெரியுது, கிளைவ்," என்றாள்.

அவன் கை கழுவப் போனதும் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பெயிண்ட் லேசில் அழியாது. அழித்தாலும் அவன் திரும்ப எழுதுவான். அந்த வசந்தம் முழுக்க நோலா தன் பெயர் போட்ட எழுத்தை மாற்றிப் படித்துத்தான் மாடுகளுக்குத் தூவினாள்.